பச்சைக்கரைத் துண்டு

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் தங்கச்சி, அதற்கு ஒரு கால் ஆடும். நேற்று ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து விழுந்தார். இங்கே என் பக்கத்தில் வாருங்கள். இங்கிருந்தால் ஐசியூ கதவு நேராகத் தெரியும். கதவு திறக்கிறபோதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன், தப்பாக நினைக்காதீர்கள். இன்றைக்கு எனக்கு ஒரு சேதி வரவேண்டியிருக்கிறது.

என்ன சேதியா? அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது. காலையில் எங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டிருந்த டியூபை எடுத்துவிட்டார்கள். மூக்கில் போட்டது இல்லை. கையில் போட்டதும் இல்லை. ஆமாம், அதுதான். பொழுது சாய்வதற்குள் அவருக்குத் தானாக, என்ன, தண்ணீர் பிரிய வேண்டும். பிரிந்தால் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு வீடுதான். பிரியாவிட்டால் மறுபடி டியூப். மறுபடி டியூப் போட்டு மறுபடி காய்ச்சல் வந்தால் இந்த உடம்பு தாங்காதென்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். காலையிலிருந்து இன்னும் பிரியவில்லை. நான் கேட்டால், டியூபை எடுத்திருக்கவே வேண்டாம் என்பேன். யார் கேட்கிறார்கள் என்னிடம்?

உங்களுக்கு யார் உள்ளே? அப்பாவா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரா! அப்படிச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்ததுமே நினைத்தேன், மதிப்பான குடும்பம் என்று. அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். இந்த ஹாலில் இருக்கிற மற்றவர்களுக்குப் புரியாது.

எங்களுக்கு விளாத்திகுளம். மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி. மண்டியில் எங்கள் வீட்டுக்காரரை எல்லோரும் மொதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பேர் சொல்கிற வழக்கம் நமக்கு ஏது. நீங்கள் ஹெட்மாஸ்டர் மகள், மண்டிக்குள் வந்திருக்க மாட்டீர்கள். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையில் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கடியில் இவர் விரலை அவர் பிடிப்பார், அவர் விரலை இவர் பிடிப்பார். எத்தனை விரல், எந்த விரல் என்பதுதான் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கள் மொதலாளி தோளில் எப்போதும் ஒரு பச்சைக்கரைத் துண்டு கிடக்கும். அந்தத் துண்டுக்கடியில் எங்கள் வீடே கட்டப்பட்டது. ஒரு காரியத்தை எதற்கு மூடிச் செய்கிறோம்? மரியாதைக்குத்தானே. அது எனக்கு ரத்தத்தில் ஊறினது.

அவருக்கென்றால், சொல்லப்போனால், அவ்வளவாக ஊறவில்லை. அது வேறு விஷயம்.

நிமோனியா என்று கொண்டுவந்து போட்டோம். மூச்சு வாங்கி முகமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. மெஷின் வைத்தார்கள். நெஞ்சில் ஒயர், கையில் ஊசி, எல்லாம் வைத்தார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப்படவில்லை தங்கச்சி. உள்ளே விட்ட முதல் நாள், அவர் முகத்தைப் பார்த்தேன், கும்பிட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்தால், கட்டிலுக்கு அடியில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, கண்ணாடி மாதிரி ஒரு பை தொங்குகிறது. அதில் பாதிக்கு மேல்... எனக்கு அப்படியே உடம்பு கூசிப்போயிற்று. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வியாபாரிகள் சங்கத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்கிற மனுஷர். அவருடையதை இப்படியா கடைத்தெருவில் கட்டித் தொங்கவிடுவது?

சிஸ்டரிடம் கேட்டேன். எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும் அம்மா, அது அங்கேதான் இருக்கணும் என்றாள். பார்க்க வேண்டியது நீதானே, ஊர் எதற்குப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

நான் சும்மா இருப்பேனா? பார்வை நேரம் ஆரம்பிக்கும், ஊரிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நிற்பார்கள். நான் முதல் ஆளாக உள்ளே போவேன். கொக்கியிலிருந்து பையைக் கழற்றி அவர் தொடைக்குப் பக்கத்தில் மெத்தையிலேயே வைப்பேன். மேலே பச்சைக்கரைத் துண்டைப் போட்டு மூடிவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு மொதலாளி மடியில் துண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். எல்லோரும் பார்த்துப் போன பிறகு எடுத்து மாட்டிவிடுவேன். சில நாள் மறந்துபோகும். மறந்தால் என்ன, அது பாட்டுக்குத் துண்டுக்குள் இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சோப்பு வீட்டிலிருந்து கொண்டுவந்தது. துண்டை அன்றாடம் வெந்நீரில் ஊறவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு எடுத்துவருவேன். எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், இந்தச் செல்வக்கனி வீட்டுப் படியேறுகிறவர்கள் காலைக் கழுவாமல் ஏற முடியாது.

கொஞ்சம் இருங்கள், கதவு திறக்கிறது.

இல்லை. சாப்பாட்டுத் தட்டு.

எங்கே விட்டேன்? ஆம். இங்கே பிரிஸ்கா என்று ஒரு சிஸ்டர் இருக்கிறாள், மணப்பாட்டுப் பக்கத்துப் பிள்ளை. ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. கட்டில் கட்டிலாகப் போய்க் கிருமி தேடுவதுதான் அவள் உத்தியோகம். இந்த ஹாலில் அவளுக்குக் கிருமி சிஸ்டர் என்றே பேர். டாக்டர்கள்கூடக் கை கழுவாமல் வந்தால் வழிமறிப்பாள். காலையில் டாக்டர் வந்ததும் எங்கள் மொதலாளி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரே கேள்வி. ‘இவருக்கு இன்னும் டியூப் தேவையா?’ மறுநாளும் அதே கேள்வி. என்னவோ இவள் அப்பன் வீட்டு டியூபைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கிற மாதிரி.

அதற்குள் மெஷினை எடுத்துவிட்டார்கள். நல்ல நினைவு வந்துவிட்டது. கஞ்சி குடித்தார். டாக்டரும், சரி, டியூபை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலையில் இடி. டியூபை எடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் ஒருத்தி கேனைக் கொண்டுவந்து நீட்ட வேண்டும். திரையைச் சரியாக இழுத்துவிட மாட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து யாராவது ஊர்க்காரர் வந்து நிற்பார். டியூப் இருந்தால் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, சத்தமில்லாமல் அதுபாட்டுக்குக் காரியம் நடக்கும், நான் துண்டைப் போட்டு மூடிவிடலாம்.

பெரிய டாக்டர் எங்கள் மருமகனுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். போன் போட்டுச் சொல்லவைத்தேன். நானும் அவர் அறைக்கே போய், எங்க மொதலாளி கேன்ல போற ஆள் இல்ல டாக்டர், நாலு பேர் மதிக்கிற மனுஷர், டியூப் இருந்துட்டுப் போகட்டும் என்று சொன்னேன். அவருக்கு ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது. சரிம்மா, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார். கொஞ்சம் என்பது அப்படியே நீண்டுகொண்டு போயிற்று. பிரிஸ்கா என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே! தோற்றவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இந்த லட்சணத்தில்தான் கோயில்பிச்சை வந்தார். எதிர்மண்டிக்காரர். எங்கள் வீட்டுக்காரருக்கு உயிர்ச் சிநேகிதர், வியாபாரத்தில் உயிர் எடுக்கிறவர். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கோவில்பட்டி வரைக்கும் போய்விடும். மற்றவர்களுக்காக ஒரு தரம் மூடினால் கோயில்பிச்சைக்காக நான்கு தரம் மூட வேண்டும். அன்றைக்குப் பையை மெத்தையில் வைக்காமல் மடியிலேயே வைத்துத் துண்டை நாலு பக்கமும் செருகிவிட்டேன். ஒரு பொட்டு வெளியே தெரியாது. இவருடைய இரண்டு கையும் துண்டுக்குள் போய்விட்டது.

கோயில்பிச்சை வந்தார். பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷமாகத் துண்டுக்குள் கை கோத்தவர்கள்! எங்கள் மொதலாளி துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? ‘அண்ணாச்சி, இன்னைக்கு முண்டு வத்தல் என்ன வெல’ என்று கேட்டுக்கொண்டே, பழக்க தோஷத்தில், சடாரென்று கையைத் துண்டுக்கடியில் விட்டுப் பிடித்துவிட்டார்.

விரலைப் பிடிக்கவில்லை.

பிடித்ததை ஒரு அமுக்கு வேறு அமுக்கினார். மெத்தென்று, வெதுவெதுப்பாக ஏதோ கையில் அகப்பட்டதும் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்ல. கையை உதறிக்கொண்டு பின்னால் போய் குளுக்கோஸ் ஸ்டாண்டில் முட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கிறார், தங்கச்சி. இருமி இருமிச் சிரிக்கிறார். ‘ஏல கோயிலு, நல்லா அமுக்கிப் பாத்துக்கோ. சரக்கு புதுசு. ஈரப்பதம் மட்டும் கொஞ்சம் கூட’ என்கிறார். பக்கத்துக் கட்டில் ஆள் சிரிக்கிறான். நர்ஸ் சிரிக்கிறாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடமாட்டேனா என்று இருந்தது. நான் யாருடைய மானத்துக்காக இந்தப் பாடுபடுகிறேன்? அவர் வீட்டிலும் அப்படித்தான். முற்றத்தில் கோவணத்தோடு நின்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் மழை நிலவரம் பேசுவார். நான்தான் ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்துவேன். மனுஷருக்குத் தம் மானம் எது என்றே தெரியாது. நாம்தான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் சிரிப்புக் கேட்டுத்தான் பிரிஸ்கா ஓடிவந்தாள். துண்டைத் தூக்கிப் பார்த்தாள். பையை எடுத்துக் கீழே மாட்டினாள், கையைக் கழுவினாள், போய்விட்டாள். குற்றம் சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் அந்தக் காய்ச்சல். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், கட்டிலே ஆடுகிறது. என்னைப் பார்த்து, கணக்குப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, மூடையெல்லாம் நனையுதுலே, தார்ப்பாயை இழுத்துப் போடுலே என்கிறார். பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பாதையில் கிருமி பிடித்து ரத்தத்துக்கு ஏறிவிட்டதாம். நெஞ்சுக்கு வந்த மனுஷர், நெஞ்சு நல்லாகி, இந்தக் கேவலத்தில் போகப் பார்த்தார்.

விட்டேனா நான்? இந்த ஹாலே அதிரக் கத்தினேன். யார் கை கழுவாமல் தொட்டது, எந்தச் சிஸ்டர் தொட்டது, எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன். பெரிய டாக்டரே வெளியே வந்தார். பிரிஸ்காவும் கூட நின்றாள். அவள்தான் மெதுவாகக் கேட்டாள், அம்மா, பையை யாராவது மேலே தூக்கி வைத்தீர்களா என்று. ஒருத்தரும் தூக்கவில்லை என்றேன். உண்மைதானே? தூக்குவதற்கு நான் என்ன காவடியா எடுத்தேன்? பக்கத்தில் படுக்கப்போட்டேன். பச்சைப்பிள்ளையைத் தாய்க்குப் பக்கத்தில் போடுகிற மாதிரி. அது தூக்குவதில் சேருமா, நீங்களே சொல்லுங்கள்.

சாயங்காலம் பிரிஸ்கா தனியாக வந்து, இதோ இந்த இடத்தில்தான், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். ‘பை கீழ இருந்தா அதுபாட்டுக்கு இறங்கும்மா. மேல வெச்சா, பையில கெடந்த பழசு டியூப் வழியா திரும்பி உள்ள போவும். கிருமியும் அதோடயே போவும். டியூப் உள்ள இருக்க ஒவ்வொரு நாளும் ஆபத்துதான். அதனாலதான் தெனமும் எடுக்கலாமா எடுக்கலாமான்னு கேக்கேன்.’ பொறுமையாகச் சொன்னாள். நான் முழுதும் கேட்டுக்கொண்டேன். இத்தனை பேர் இருக்கிற ஹாலில் அவள் என்னிடம் மட்டும் வந்து ஏன் சொல்ல வேண்டும்? பொறுப்பான ஆள், நாலு பேருக்கு எடுத்துச் சொல்வாள் என்றுதானே. நானும் சொன்னேன். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னேன். ஒட்டப்பிடாரத்துக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன்.

மறுநாளே கட்டிலுக்குக் கட்டில் ஒரு படம் ஒட்டிவிட்டார்கள். பை மேலே இருக்கிற மாதிரி வரைந்து அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. இதைக்கூடப் படம் போட்டுச் சொல்லவேண்டிய கூமுட்டைகள் இருக்கிறார்களே என்று நானும் ஒட்டப்பிடாரத்துக்காரியும் சிரித்தோம். அவள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

காய்ச்சல் அடித்த நாளெல்லாம் விசிட்டரை விடவில்லை. என்னையும் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்களாம், அதையும் நான் பார்க்கவில்லை. துண்டு என் கையிலேயே இருந்தது. நான் பக்கத்தில் இல்லாத அந்த நாட்களில்தான், பாருங்கள், காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. அது அவர் நல்ல நேரம். நான் உள்ளே இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கியிருக்கும்.

இன்றைக்குக் காலையில்தான் என்னை உள்ளே விட்டார்கள். டாக்டர் வந்தார். பிரிஸ்கா வழக்கம்போல, இவருக்கு இன்னும் டியூப் தேவையா என்றாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார். அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறார்:

‘எடுத்துரு தாயி. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. இவளுக்கு வெக்கமா இருந்தா அந்தத் துண்ட எடுத்து இவ மூஞ்சில போட்டுக்கிடட்டும்.’

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். காலையிலிருந்து உள்ளே போகவில்லை. கோபம் இல்லாமல் என்ன? கோபம்தான். அதற்காக இந்தக் கதவைப் பார்க்காமல் இருக்க முடிகிறதா. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், குடிக்கிறாரோ என்னவோ. குடிக்கச் சொல்லி அதட்டுகிற ஆள் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். பிரியாவிட்டால் நான் ஜெயித்த மாதிரி, டியூப் திரும்ப வந்துவிடும். ஆனால் ஜெயிக்க வேண்டாம் என்று இருக்கிறது. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, என்ன மாயமோ. எனக்கு என்ன, எனக்கும் சேர்த்து அவர் குடிக்கட்டும்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருவோம். ஹெட்மாஸ்டர். எத்தனை பிள்ளைகள் அவரிடம் படித்திருப்பார்கள், எத்தனை பேர் பார்க்க வருவார்கள். உள்ளே போனதும் நேராகக் கட்டிலின் இடது பக்கம் கீழே பாருங்கள். அங்கேதான் பை தொங்கும். பழைய மாணவன் எவனாவது வந்து அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கலாமா? வாத்தியாரை அப்படியா பார்ப்பது? என்ன, பிரிஸ்கா சொன்னதா? அவள் சொன்னது சரிதான், யார் இல்லை என்றது? அது பொதுஜனத்துக்குச் சொன்னது. ஒட்டப்பிடாரத்துக்காரி மாதிரி ஆட்களுக்கு. சுத்தம் தெரிந்த நமக்கு அவள் எதற்குச் சொல்லப்போகிறாள்? படித்தவர்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இருங்கள். கதவு. கதவு திறக்கிறது. அந்த ஆயாதான், குரல் எட்டு ஊருக்குக் கேட்கும் அவளுக்கு. யாரைக் கூப்பிடுகிறாள்?

‘சுயம்புலிங்கம் அட்டெண்டர்! சுயம்புலிங்கம் அட்டெண்டர் யாரு? எம்மா, ஐயா மூத்திரம் போயிட்டாரும்மா! தானாவே! கேன் நெறய!’

கேட்டீர்களா. எங்கள் மொதலாளி பேரைச் சொல்லி. இத்தனை பேர் நடுவில், அந்தச் சொல்லைச் சொல்லி, அளவையும் சொல்லி. அந்தப் போலீஸ்காரர் கும்பிடுகிறார் பாருங்கள். ஒட்டப்பிடாரத்துக்காரி கையைத் தட்டுகிறாள். எதற்குத் தட்டுகிறார்கள், இது என்ன பரிசு வாங்குகிற விஷயமா? இனி நான் எந்த முகத்தோடு விளாத்திகுளத்தில் இறங்குவேன்.

இல்லை, அழவில்லை. வத்தல் மண்டிக்காரி கண் இப்படித்தான் இருக்கும், காரணமில்லாமல் ஒழுகும். நான் உள்ளே போகிறேன். குடித்தாரா, குடிக்காமல் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். போதாது, இன்னும் குடிக்கச் சொல்ல வேண்டும்.

உங்களையும் கூப்பிடுகிறார்கள் பாருங்கள், ஹெட்மாஸ்டர் மகளை. போங்கள். இந்தாருங்கள், இந்தத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இனி இது வேண்டியதில்லை. பிடியுங்கள் தங்கச்சி, எதற்குக் கையைப் பின்னால் இழுக்கிறீர்கள்? காலையில்தான் வெந்நீரில் போட்டு எடுத்தேன். அதில் ஒரு அழுக்கு கிடையாது.